ஹெட்லைட்டுக்கும் டார்ச்சுக்கும் லித்தியம் செல் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ராத்திரி மூணு ஃபேஸ் கரண்ட் வரும் நேரத்தில் மோட்டார் போடப் போகிறவர்கள், விடிவதற்கு முன் பூப்பறிக்கக் கிளம்புகிறவர்கள், வரப்பில் பூச்சி பொட்டு கிடக்குமோ என்று பார்த்துப் பார்த்து நடப்பவர்கள் என்று வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஹெட்லைட்டுக்கு வேலை அதிகம். செல் செத்ததும் கடைக்குப் போகிறோம், அங்கே இருப்பதில் பெரிய எண் போட்டதை எடுத்து வருகிறோம். குளறுபடி அங்கேதான் ஆரம்பிக்கிறது. லைட் எவ்வளவு கேட்கிறது என்று தெரிந்த பிறகுதான் செல்லைத் தேட வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்த லைட்டுகளில் அதிகம் வரும் உருளை லித்தியம் செல்லின் அளவுப் பெயர் 18650. அப்படி இணையத்தில் தேடினால் வருவதில் நிறைய வேப் (மின் சிகரெட்) கருவிக்காரர்கள் எழுதியது. இந்தியாவில் 2019 சட்டப்படி அந்தக் கருவிகளைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் குற்றம். அதனால் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். ஆனால் அவர்கள் போட்ட பட்டியலைப் பார்த்து ஹெட்லைட்டுக்குச் செல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேப் கருவி சில நொடிகளுக்கு 15, 20 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் ஒன்றிரண்டு ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும். அதற்கு வாங்கும் செல்லை இதில் போட்டால் காசும் கூடும், வெளிச்சம் நிற்கும் நேரமும் குறையும்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், கிராம் கணக்கில் காட்டும் சின்னத் தராசு, செல் வைக்கும் பிளாஸ்டிக் டப்பா. இந்த மூன்றும் இல்லாமல் செல் வாங்கப் போகாதீர்கள். தராசு இல்லையென்றால் தெரிந்த மளிகைக் கடையில் எடை போட்டுக்கொள்ளலாம். மீட்டரைக் கடன் வாங்காமல் சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது. செல் இருக்கும் காலமெல்லாம் அதற்கு வேலை இருக்கும்.

2. லைட்டைத் திறந்து உள்ளே இருப்பது எது என்று பாருங்கள்

நம் ஊரில் விற்கும் ஹெட்லைட்டில் இரண்டு வகை பேட்டரி வருகிறது. ஒன்று சதுரமாக, கனமாக, மேலே 4 வோல்ட் என்று அச்சிட்ட லெட் ஆசிட் பேட்டரி. இன்னொன்று உருளையான லித்தியம் செல், 3.7 வோல்ட். எண் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம் என்று தோன்றும். புதிதாக ரிப்பேர் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் விழுகிற குழி இதுதான்.

லெட் ஆசிட் பேட்டரியை முழுதாக ஏற்ற 4.8 வோல்ட் வரை போகும். லித்தியம் செல் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும், வாயு உண்டாகும், சூடு ஏறும். பழைய லைட்டில் பழைய சார்ஜரோடு லித்தியம் செல்லைச் சொருகினால் நடப்பது இதுதான். லைட் நன்றாக எரியும், ஒரு வாரம் ஓடவும் செய்யும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பின்னாலிருந்து இரண்டு பின் நீட்டி நேரே பிளக்கில் சொருகும் லைட்டுகள் இன்னும் மோசம். விலை குறைந்தவற்றில் டிரான்ஸ்பார்மர் இருக்காது. ஒரு கெப்பாசிட்டரும் நாலு டயோடும் மட்டும் இருக்கும். பேட்டரி நிறைந்துவிட்டதா என்று பார்த்து நிறுத்தும் ஏற்பாடு எதுவும் அதில் கிடையாது. மெயின் கரண்டிலிருந்து பிரிப்பும் இல்லை. சொருகிய நிலையில் உள்ளே கை வைத்தால் ஷாக் அடிக்கும்.

உங்கள் லைட்டில் இருப்பது லெட் ஆசிட் என்றால் அதே பேட்டரியை மாற்றுங்கள். லித்தியத்துக்கு மாறியே தீர வேண்டும் என்றால் பழைய சார்ஜிங் பகுதியை முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டு ஏழாவது பகுதியில் சொல்லும் போர்டை வையுங்கள். அரைகுறையாக மாற்றுவதற்கு மாற்றாமல் இருப்பதே மேல்.

3. லைட் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்துவிடுங்கள்

அட்டையில் 50 வாட், 100 வாட் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஒற்றைச் செல்லில் ஓடும் லைட்டுக்குக் கணக்கு எளிது: உண்மையான வாட்டை 3.7-ஆல் வகுத்தால் ஆம்பியர். 3 வாட் எல்.இ.டி. என்றால் ஒரு ஆம்பியருக்குள். 10 வாட் என்றால் 2.7 ஆம்பியர் அளவுக்கு.

அளந்து பார்ப்பது நிச்சயம். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் மாற்றிச் சொருகி, செல்லுக்கும் லைட்டின் ஸ்பிரிங்குக்கும் நடுவில் மீட்டர் வரும்படி வைத்து லைட்டைப் போடுங்கள். வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது செல்லின் இரண்டு முனையிலும் வைத்துவிடக் கூடாது. அது நேரடி ஷார்ட் சர்க்யூட். மீட்டரின் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத மலிவு மீட்டரில் வயரே உருகும். அளந்து முடித்த கையோடு சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

4. அளவையும் தலையையும் பாருங்கள்

18650 என்பதில் 18 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 65 என்பது நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவம். 21700 என்றால் விட்டம் 21, நீளம் 70. இப்படியே 14500 என்பது நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் போடும் டபுள் ஏ செல் அளவில் இருக்கும். அளவு ஒன்று என்பதற்காக ரிமோட்டிலோ கடிகாரத்திலோ அதைப் போட்டால் 1.5 வோல்ட் கேட்கும் இடத்தில் 3.7 போய்ச் சேரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த 14500-ஐ வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது தலை. சில செல்லில் பாசிட்டிவ் முனை தட்டையாக இருக்கும், சிலவற்றில் பொத்தான் போல எழும்பியிருக்கும். லைட்டின் பாசிட்டிவ் பக்கம் ஸ்பிரிங் இருந்தால் தட்டைத் தலை போதும். வெறும் தகடோ பள்ளமோ இருந்தால் பொத்தான் தலைதான் தொடும். தட்டைத் தலையில் ஈயத்தைக் குவித்து மேடு கட்டுவது இங்கே சகஜமாக நடக்கிறது. செய்யாதீர்கள். அந்த மூடிக்குக் கீழேதான் அழுத்தம் வெளியேறும் வால்வும், அழுத்தம் ஏறினால் மின் ஓட்டத்தைத் துண்டிக்கும் தகடும் இருக்கின்றன. சால்டரிங் சூடு இரண்டையும் கெடுக்கும்.

பாதுகாப்பு போர்டு வைத்த செல் நாலைந்து மில்லிமீட்டர் நீளமாக, 69, 70 வரை இருக்கும். டார்ச்சுக்கு இதுதான் ஏற்றது. செல் அடியோடு காலியாவதையும் ஷார்ட் ஆவதையும் அந்தப் போர்டு தடுக்கும். சில லைட்டில் இது நுழையாது. முதலில் பழைய செல்லின் நீளத்தை ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி, அதாவது செல்லின் கொள்ளளவு) எண்ணைப் படிப்பது

கடையில் நிற்கும்போது பையன்கள் கேட்பது இந்த ஒன்றைத்தான்: "இன்னாண்ணா, இதுல 9900 போட்டிருக்கு, அதுல 3000-தான் இருக்கு. பெரிசையே எடுத்துக்கலாமே?"

18650 உருளைக்குள் பெரிய கம்பெனிகள் வழக்கமாக அடைப்பது 3600 எம்.ஏ.எச். வரைக்கும்தான். புதிதாக வந்த ஒன்றிரண்டு மட்டும் 4000 பக்கம் போகின்றன. 21700-இல் பெரும்பாலும் 5000, 6000 அளவு. ஆகவே 18650 மேல் 6800, 9900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். பொய் எண் போட்ட செல்லில் உண்மையில் 500-உம் இருக்கலாம், 1200-உம் இருக்கலாம். எண்ணில் பொய் சொன்னவர் உள்ளே பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கும் தாளிலும் வால்விலும் மட்டும் நாணயமாக இருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

நல்ல செல்லிலும் இரண்டும் ஒன்றாக உச்சத்துக்குப் போகாது. கொள்ளளவு கூடினால் ஆம்பியர் குறையும், ஆம்பியர் கூடினால் கொள்ளளவு குறையும். பானசோனிக் என்.சி.ஆர். 18650 பி 3400 வரை பிடிக்கும், ஆனால் ஐந்து ஆம்பியருக்குள் வேலை வாங்க வேண்டும். சாம்சங் 35 இ 3500, எட்டு ஆம்பியர். சாம்சங் 30 கியூ 3000, பதினைந்து ஆம்பியர். எல்.ஜி. எச்.ஜி. 2 3000, இருபது. சாம்சங் 25 ஆர் 2500, அதுவும் இருபது. ஹெட்லைட்டுக்கும் சாதாரண டார்ச்சுக்கும் முதல் இரண்டு போதும். ஸ்க்ரூ டிரைவர் மெஷின், மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் மாதிரி மோட்டார் உள்ளவற்றுக்குத்தான் கடைசி மூன்று.

உறையில் 40 ஆம்பியர் என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது தொடர்ந்து தரக்கூடியதா, சில நொடிக்கு மட்டுமா என்று பாருங்கள். தொடர்ந்து தரும் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். உங்கள் லைட் இழுப்பதைப் போல் இரண்டு மடங்கு தாங்கும் செல் என்றால் கவலையில்லை.

விவசாய வேலைக்குப் பெரிய கைவிளக்கோ சோலார் லைட்டோ என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை யோசியுங்கள். 32700 அளவில் 6000 எம்.ஏ.எச். வரும். 3.2 வோல்ட், முழுச் சார்ஜ் 3.65. எடையும் பருமனும் கூடுதல், ஆனால் சூட்டையும் முரட்டுக் கையையும் அதிகம் தாங்கும். சார்ஜர் மட்டும் 3.65-க்கானதாக இருக்க வேண்டும்.

6. வாங்குவதும், வாங்கியதும் சோதிப்பதும்

லாங் பஜாரிலும் கிடைக்கும், காட்பாடியில் ரயில் ஏறி சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போனாலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். இடம் எதுவானாலும் பில் கேளுங்கள். பில் தர யோசிக்கும் கடையில் லித்தியம் செல் வாங்காதீர்கள். பெரிய கம்பெனிகள் தங்கள் செல்லை, பல செல்லைச் சேர்த்து பேட்டரி பேக் கட்டும் தொழிற்சாலைகளுக்குத்தான் கொடுக்கின்றன, உதிரியாகக் கையில் விற்க வேண்டாம் என்றே சொல்கின்றன. எனவே உதிரிச் சந்தையில் வருவதில் கழிக்கப்பட்டதும் கலந்திருக்கும், பழைய லேப்டாப் பேட்டரியை உரித்தெடுத்துப் புது உறை மாட்டியதும் கலந்திருக்கும்.

இந்தியாவில் விற்கும் இந்த வகைச் செல்லுக்கு ஐ.எஸ். 16046 தரப்படி பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். உறையிலோ பெட்டியிலோ ஆர் என்ற எழுத்தும் அதன் பின் எட்டு இலக்கமும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று காட்டும். அங்கே வேறு பொருளோ வேறு பிராண்டோ வந்தால் செல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கையில் வந்ததும் முதலில் எடை. நல்ல 18650 ஏறத்தாழ 44 முதல் 50 கிராம் இருக்கும். 40-க்குக் கீழே இருந்தால் வேண்டாம். 9900 என்று போட்ட ஒன்றைத் தராசில் வைத்தபோது 28 கிராம்தான் காட்டியது. அது செத்த பிறகு, மிச்ச சார்ஜையும் இறக்கிவிட்டு, ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் கொல்லைப்புறத்தில் வைத்து அறுத்துக் காட்டினார். வெளி உருளைக்குள் சுண்டுவிரல் பருமனில் இன்னொரு குட்டிச் செல், சுற்றிலும் வெள்ளைப் பொடி. பொடியைத் தட்டினால் தரையில் கோலமாவு கொட்டியது மாதிரி விழுந்தது. அறுப்பதை நீங்கள் முயல வேண்டாம். தராசு சொல்வதே போதும்.

அடுத்தது வோல்ட். புதுச் செல் 3.5-க்கும் 3.7-க்கும் நடுவில் வரும். 2.5-க்குக் கீழே இருந்தால் அதை சார்ஜ் செய்து பார்க்கக்கூட வேண்டாம். அந்த அளவுக்கு இறங்கிய செல்லில் உள்ளே செம்பு கரைந்து, மறுபடி ஏற்றும்போது ஷார்ட்டாக வாய்ப்பு உண்டு.

அப்புறம் இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளி புள்ளியாகக் குழிகளோ, தகட்டைப் பிய்த்த கீறலோ இருந்தால் அது ஸ்பாட் வெல்டிங் தடம். ஏற்கெனவே ஒரு பேக்கில் உழைத்துவிட்டு வந்த செல். பாசிட்டிவ் மூடியைச் சுற்றி ஒரு தாள் வளையம் இருக்க வேண்டும். பாசிட்டிவுக்கும் வெளி உருளைக்கும் நடுவில் இருப்பது அந்த வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். உருளை முழுக்க நெகட்டிவ். உறை கிழிந்து, வளையமும் நழுவினால் லைட்டின் உலோகக் கூடே ஷார்ட் போட்டுவிடும். கிழிந்த உறைக்கு செலோடேப் சுற்றுவது வேலைக்காகாது. சூட்டில் சுருங்கும் புது உறை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கடைசிச் சோதனைக்குப் பொறுமை வேண்டும். முழுக்கச் சார்ஜ் செய்து ஒரு வாரம் சும்மா வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 4.1-க்கு மேல் நின்றால் நல்ல செல். 4-க்குக் கீழே போயிருந்தால் உள்ளுக்குள்ளேயே கசிகிறது.

7. சார்ஜர்

நல்ல செல்லையும் கெட்ட சார்ஜர் கெடுத்துவிடும். செல்லைக் கழற்றிப் போடும் தனி சார்ஜர் வாங்கினால் முதல் தடவை விளக்கு பச்சையானதும் செல்லை எடுத்து அளந்துவிடுங்கள். 4.15 முதல் 4.22 வரை சரி. 4.25-ஐத் தாண்டினால் அந்த சார்ஜரை மூலையில் வைத்துவிடுங்கள்.

லைட்டுக்குள்ளேயே வைப்பதற்கு டி.பி. 4056 என்ற சின்ன போர்டு எங்கும் கிடைக்கிறது. இதில் இரண்டு ரகம். ஒன்றில் வயர் பற்றவைக்க நாலு இடம், இன்னொன்றில் ஆறு. ஆறு உள்ளதைத்தான் வாங்க வேண்டும். செல் காலியாகாமலும் ஷார்ட் ஆகாமலும் காக்கும் சிப் அதில்தான் இருக்கிறது. வாங்கிய பிறகும் ஒரு தவறு நடக்கிறது: செல்லையும் லைட்டையும் சேர்த்து பி குறியிட்ட இடத்திலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பி என்பது செல்லுக்கு மட்டும். லைட்டின் வயர் அவுட் என்று போட்ட இடத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் காவல் சிப் இருந்தும் இல்லாததுதான்.

இந்தப் போர்டு ஒரு ஆம்பியரில் ஏற்றும். 2000 எம்.ஏ.எச்.-க்கு மேற்பட்ட 18650-க்குப் பொருத்தம். 14500 மாதிரி குட்டிச் செல்லுக்கு அதிகம்.

சார்ஜ் போடும் இடம் பற்றி. 2022 மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில் ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் பற்றி எரிந்து, அந்தப் புகையில் அப்பாவும் மகளும் இறந்துபோனது இங்கே பலருக்கும் ஞாபகம் இருக்கும். அது எத்தனையோ செல் சேர்ந்த பெரிய பேக், நம்முடையது ஒற்றைச் செல். ஆனாலும் மூடிய அறையில், தூங்கும் நேரத்தில், வாசலுக்கும் நமக்கும் நடுவில் வைத்து சார்ஜ் போடக் கூடாது என்பது இரண்டுக்கும் பொருந்தும். சிமென்ட் தரை, டைல்ஸ், கடப்பாக்கல் மேடை நல்லது. கட்டில், பாய், துணிக்கூடை, ஃபிரிட்ஜ் மேல் வேண்டாம்.

8. அக்னி நட்சத்திரத்தில் செய்யக் கூடாதவை

லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மே மாதம் வேலூரில் வெளியிலேயே 40-ஐத் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் மோட்டார் ரூமிலும் அதற்கும் மேலே போகும். அந்த நாட்களில் பொழுது சாய்ந்து, செல் கைக்கு ஆறின பிறகு சார்ஜ் போடுங்கள். பைக் பெட்டியிலும், வெயிலில் நிற்கும் காரிலும் செல்லை விட்டுவைக்காதீர்கள்.

மாற்றுச் செல்லை லுங்கி மடிப்பிலோ சட்டைப் பையிலோ சாவி, சில்லறையோடு போட்டு எடுத்துப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். சாவி ஒன்று இரு முனையையும் தொட்டுவிட்டால் துணி தீப்பிடிக்கும் சூடு வரும். டப்பா முதலில் கேட்டது இதற்குத்தான்.

இரண்டு செல் கேட்கும் டார்ச்சில் ஒரே மாடல், ஒரே நாள் வாங்கியவை, ஒரே அளவு சார்ஜ் ஆனவை மட்டும் போடுங்கள். பழசையும் புதுசையும் கலந்தால் பலவீனமானது முதலில் காலியாகி, மற்றது அதைத் தலைகீழாக ஓட்டும்.

9. எப்போது கழிப்பது, எப்படிக் கொடுப்பது

சார்ஜ் ஆகும்போது கையில் பிடிக்க முடியாத சூடு, இனிப்பும் நெடியும் கலந்த வாசனை, பாசிட்டிவ் மூடியின் ஓரத்தில் ஈரம், உருளையில் நசுங்கல். இதில் ஒன்று இருந்தாலும் அந்தச் செல்லின் கதை முடிந்தது. எதுவும் இல்லாமல் வெளிச்ச நேரம் மட்டும் பாதியாகிவிட்டாலும் மாற்றிவிடுவது நல்லது.

கழித்த செல்லின் இரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, குப்பையில் கலக்காமல் தனியாகக் கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் வாங்கியவர் அதைத் தனியாகத்தான் ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. குப்பை வாங்க வருபவரிடம் கொடுத்தால் இது லித்தியம் பேட்டரி என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். வண்டியில் நசுங்கினால் ஆபத்து அவருக்குத்தான். அடுப்பிலும் கிணற்றிலும் போடவே கூடாது.

10. செல் புகைந்தால்

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். கையில் எடுக்காதீர்கள், குனிந்து பார்க்காதீர்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். கதவு ஜன்னலைத் திறந்து வீட்டில் உள்ளவர்களை வெளியே அனுப்புங்கள். தீ சின்னதாக இருந்து, கரண்ட்டும் நிறுத்தியாகிவிட்டால் தூரத்திலிருந்து தண்ணீரை நிறைய ஊற்றலாம். லித்தியம் என்றால் தண்ணீர் ஆகாது என்று பலர் பயப்படுகிறார்கள். இந்த வகைச் செல்லுக்குத் தண்ணீர்தான் சூட்டை இறக்கும். கட்டுக்கு மீறினால் வெளியே வந்து 101-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள். அணைந்த செல் மறுபடி பற்றக்கூடும். ஆறிய பிறகு நீண்ட இடுக்கியால் எடுத்து, வீட்டுக்கு வெளியே தண்ணீர் நிறைந்த வாளியில் ஒரு நாள் முழுக்கப் போட்டுவையுங்கள்.